பேஸ் எங்கீங்க போச்சு? வீட்டு ஸ்பீக்கருக்கு ஆம்ப் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் வீட்டில் ஸ்டீரியோ வைத்துப் பாட்டுக் கேட்பவர்கள் பேஸ் (பாட்டின் கீழ் சுரம்) பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அசெம்பிள் செய்வதும், வீடுகளுக்குப் போய் செட் மாட்டிக் கொடுப்பதும் என் பிழைப்பு. அதனால் பதில்களில் கணக்கு வரும், இடையிடையே கொஞ்சம் முணுமுணுப்பும் வரும். நோம்பிக்குக் கட்டுகிற மைக் செட்டுக்கு இது பொருந்தாது. அங்கே கணக்கே வேறு.

புதுசா ஸ்பீக்கர் மாத்துனனுங்க. சத்தம் வருது, பேஸ் மட்டும் சுத்தமா இல்லீங்க. ஆம்ப் பத்தலையா?

ஆம்ப் இருக்கட்டும். முதலில் ஸ்பீக்கருக்குப் பின்னால் போய் ஒயரைப் பாருங்கள். ஒரு பக்கம் சிவப்பும் கருப்பும் மாறியிருந்தால் ஒரு கோன் (ஸ்பீக்கரின் ஆடும் கூம்பு) முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கும். கீழ் சுரம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும், பாடகர் குரலும் நடுவில் நிற்காமல் அந்தரத்தில் தொங்கும். ஒரு பக்கத்து ஒயரை மட்டும் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். பேஸ் திரும்பி வந்தால் செலவு பூஜ்யம். "பேஸ் இல்லை" என்று கூப்பிடுகிற வீடுகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பொட்டியில 8 ஓம்னு போட்டிருக்குது. ஆம்ப்லயும் 8 ஓம்னுதான் போட்டிருக்குது. அப்பறம் என்னங்க பொருத்தம் பாக்கறது?

அந்த 8 ஒரு பேருக்குப் போட்ட எண். ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் (கரண்டுக்கு அது காட்டும் தடை, ஓமில்) சுரத்துக்குச் சுரம் மாறும். ஊஃபர் (பேஸ் கொடுக்கும் பெரிய கோன்) தன் இயல்பான அதிர்வில் இருக்கும் இடத்தில் 20, 30 ஓம்கூடக் காட்டும். அதைத் தாண்டி 100, 200 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் கீழே இறங்கிவிடும். ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரவிதி சொல்வது, எழுதிய எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே எங்கேயும் போகக் கூடாது என்று. அதாவது 8 என்று எழுதினால் 6.4, 4 என்று எழுதினால் 3.2. இதை மதிக்காத கம்பெனிகள் உண்டு. 8 என்று அச்சடித்துவிட்டு 4-க்கும் கீழே இறங்கும் டவர் (தரையில் நிற்கும் உயரமான) ஸ்பீக்கர்கள் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. உள்ளே இரண்டு 8 ஓம் ஊஃபரைப் பேரலலில் கட்டினால் 4 ஓம் தானே வரும்?

இப்போது ஆம்ப் பக்கம் பாருங்கள். 8 ஓமில் 100 வாட்ஸ் என்றால் 28.3 வோல்ட், 3.5 ஆம்பியர். அதே 28.3 வோல்ட் நிற்கும்போது ஸ்பீக்கர் 4 ஓமுக்கு இறங்கினால் 7 ஆம்பியர் கேட்கும். 2 ஓமுக்கு இறங்கினால் 14. வால்யூமை நீங்கள் தொடவே இல்லை, கேட்கிற கரண்ட் நாலு மடங்கு ஆகிவிட்டது. அதைக் கொடுக்க முடியாத ஆம்பில் வோல்டேஜ் படுத்துவிடும். அது படுக்கும் இடம் பெரும்பாலும் கீழ் சுரமாகவே இருப்பதால் "பேஸ் இல்லை" என்று நமக்குத் தெரிகிறது.

தோட்டத்தில் போர் மோட்டார் வைத்திருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லைனின் கடைசியில் இருக்கும் ஸ்டார்ட்டரில், மோட்டார் ஓடாதபோது மீட்டர் 230 காட்டும். மோட்டாரைப் போட்ட உடனே 180-க்கு இறங்கும். ஆம்ப் வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது எண்.

"கஷ்டமான ஸ்பீக்கர்"னு சொல்றாங்களே, எது கஷ்டமுங்க?

மூன்று தனித்தனி கஷ்டங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் பலர் தப்பான ஆம்ப் வாங்குகிறார்கள்.

சென்சிடிவிட்டி (ஒரு வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் சத்தம் என்பது) குறைவு என்பது ஒரு வகை. பிபிசி 1970-களில் தன் ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் இதற்கு நல்ல உதாரணம். சுமார் 82, 83 டெசிபல்தான். ஆனால் முதலில் வந்தவை 15 ஓம். கரண்ட் அதிகம் கேட்காது, வோல்டேஜ்தான் கேட்கும். சாதாரண ஆம்பே சமாளித்துவிடும்.

இம்பிடன்ஸ் குறைவு இரண்டாவது. 1980-களின் அபோஜி சின்டில்லா ஸ்பீக்கர் 1 ஓம் வரை இறங்கியது. அதன் முன்னால் பல பேர்பெற்ற ஆம்புகள் மூச்சுத் திணறின.

மூன்றாவதுதான் யாரும் பேசாதது: ஃபேஸ் கோணம். ஊஃபர் வெறும் ரெசிஸ்டர் இல்லை. காயில், காந்தம், பெட்டிக்குள் அடைபட்ட காற்று எல்லாம் சேர்ந்து, வோல்டேஜ் ஒரு நேரத்திலும் கரண்ட் வேறொரு நேரத்திலும் உச்சத்துக்கு வரும்படி செய்துவிடும். அவுட்புட் டிரான்சிஸ்டர் மேல் நிறைய வோல்டேஜ் நிற்கும் நேரத்தில் கரண்டும் பாயும். கிளாஸ் பி, ஏபி (வீட்டு ஆம்பில் வழக்கமான வகைகள்) ஆம்பில் கணக்குப் போட்டால், கோணம் 30 டிகிரி ஆனால் டிரான்சிஸ்டரின் உச்சச் சூடு, அதே ஓம் ரெசிஸ்டரோடு ஒப்பிட இரண்டு மடங்கு. 45 டிகிரி ஆனால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆக 4 ஓம், 45 டிகிரி உள்ள ஸ்பீக்கர் டிரான்சிஸ்டருக்கு 1.4 ஓம் ரெசிஸ்டர் மாதிரித்தான் தெரியும். போர்ட் (காற்று போக வர விடும் ஓட்டை) வைத்த பெட்டிகளில் அந்த ஓட்டையின் டியூனிங்குக்கு மேலே வரும் இம்பிடன்ஸ் மேட்டில் இருந்து கீழே இறங்கும் சரிவில் இந்தக் கோணம் மோசமாக இருக்கும். பேஸ் கிட்டாரும் தவிலின் தொப்பியும் விளையாடும் இடமும் அதுவே.

மாக்னபேன் மாதிரித் தட்டை ஸ்பீக்கர்கள் 4 ஓம்தான், சென்சிடிவிட்டியும் குறைவு. ஆனால் கோணம் கிட்டத்தட்ட இல்லை என்பதால், வாட்ஸ் கேட்டாலும் ஆம்பை வதைக்காது.

மல்டிமீட்டர் வெச்சு ஓம் பாத்தா போதாதுங்களா?

அது டிசி ரெசிஸ்டன்ஸ் மட்டும் காட்டும். 8 ஓம் ஊஃபருக்கு 5.5 முதல் 6.5 வரையும், 4 ஓம் ஊஃபருக்கு 3 முதல் 3.5 வரையும் காட்டுவது வழக்கம். பெட்டி முழுவதும் மாட்டிய ஸ்பீக்கரில் 3.3 காட்டினால், பின்னால் 8 என்று என்ன அச்சடித்திருந்தாலும் அது 4 ஓம் ஸ்பீக்கர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கு மீட்டர் உதவும்.

முழுசாக அளக்க ஆசைப்படுபவருக்கு ஒரு வழி. ஆம்பின் அவுட்புட்டில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சீரியஸில் போட்டு அதற்குப் பிறகு ஸ்பீக்கரை மாட்டுங்கள். முதலில் ஸ்பீக்கர் இடத்தில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, ஃபோனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, அந்த 10 ஓமின் குறுக்கே 100 மில்லிவோல்ட் ஏசி வரும் வரை வால்யூம் வையுங்கள். பிறகு வால்யூமைத் தொடாமல் ஸ்பீக்கரை மாட்டுங்கள். இப்போது மீட்டரில் வரும் மில்லிவோல்ட்டைப் பத்தால் வகுத்தால் அந்த ஹெர்ட்ஸில் எத்தனை ஓம் என்று வந்துவிடும். 20-ல் தொடங்கி 400 வரை படிப்படியாக ஏற்றி நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ஏசியில் மில்லிவோல்ட் காட்டும் மீட்டர் வேண்டும். தெருக்கடை மஞ்சள் மீட்டரில் ஏசியின் குறைந்த ரேஞ்சே 200 வோல்ட்டாக இருக்கும், அது உதவாது. வால்வு ஆம்பை வைத்து மட்டும் இதைச் செய்ய வேண்டாம்; லோடு இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்கு ஆபத்து.

நம்ம வீட்டுக்கு எத்தனை வாட்ஸ் வேணுமுங்க?

86 டெசிபல் ஸ்பீக்கர் ஜோடி, 3 மீட்டர் தள்ளி உட்காருகிறீர்கள் என்று வைப்போம். தூரத்தால் குறைவது, அறைச் சுவர் திருப்பிக் கொடுப்பது, இரண்டு ஸ்பீக்கர் சேர்வது எல்லாம் போக நிகர நஷ்டம் சுமார் 4 டெசிபல். சாதாரணமாக நாம் கேட்பது 80 டெசிபல். அதற்கு ஒரு வாட்ஸ்கூட வேண்டாம், 0.6 போதும். ஆனால் தவில்காரர் ஒரு அடி போட்டால் அது சராசரியை விட 20 டெசிபல் மேலே போகும். 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு. 0.6 அப்போது 60-ஐத் தாண்டிவிடும். ஸ்பீக்கர் 82 டெசிபலாக இருந்தால் அதே அடிக்கு 150-க்கு மேல்.

100 வாட்ஸை 200 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். பழைய ஆம்பைக் கொடுத்துவிட்டு மேலே இருபதாயிரம் போட்டு இரட்டிப்பு வாட்ஸ் வாங்குபவர் ஏமாற்றமடைவது இதனால்தான்.

இன்னொரு சூட்சுமம்: சென்சிடிவிட்டியை "2.83 வோல்ட்டில்" என்று போட்டிருந்தால், அது 8 ஓமில் 1 வாட்ஸ், 4 ஓமில் 2 வாட்ஸ். அதனால் 4 ஓம் ஸ்பீக்கரில் போட்டிருக்கும் 88 உண்மையில் வாட்ஸுக்கு 85.

சின்னப் பொட்டி, ஆனா பேஸ் கீழ வரைக்கும் வரணும், சின்ன ஆம்ப்ல ஓடணும். எது வாங்கலாமுங்க?

மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், நல்ல சென்சிடிவிட்டி: இதில் ஒன்றை விட்டே ஆகவேண்டும் என்பது ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ஹாஃப்மன் சொன்ன விதி. 1954-ல் அமெரிக்க ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் எட்கர் வில்ச்சர் ஏஆர்-1 என்ற அடைத்த பெட்டியில் சின்ன உருவத்துக்குள் ஆழமான பேஸைக் கொண்டுவந்தபோது, விலையாகக் கொடுத்தது சென்சிடிவிட்டியை. இன்றைக்கும் அதே பேரம்தான்.

ஸ்பெக் தாள்ல எதைப் பாக்கணுமுங்க?

8 ஓமில் எத்தனை, 4 ஓமில் எத்தனை என்று இரண்டு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 8-ல் 80, 4-ல் 140 என்றால் நல்ல ஆம்ப். 8-ல் 100, 4-ல் 110 என்றால் பவர் சப்ளை மெலிசு. 4 ஓம் எண்ணே இல்லை என்றால், ஏன் இல்லை என்று யோசியுங்கள். 1980-களின் தொடக்கத்தில் வந்த கிரெல் கேஎஸ்ஏ-50 ஆம்ப், 8 ஓமில் 50, 4-ல் 100, 2-ல் 200 என்று கொடுத்துப் பேர் வாங்கியது. 50 வாட்ஸ் என்று யாரும் அதைக் குறைவாக எடைபோடவில்லை. அதற்கு முன்பே, 1978-ல், என்ஏடி 3020 என்ற 20 வாட்ஸ் ஆம்ப், குறைந்த இம்பிடன்ஸிலும் நொடி நேரத்துக்கு எழுதியதைப் போலப் பல மடங்கு கொடுத்து, விலை கூடிய ஸ்பீக்கர்களை ஓட்டிக் காட்டியது.

பிஎம்பிஓ (கண்ணிமைக்கும் நேர உச்சம் என்று விளம்பரத்துக்குப் போடும் வாட்ஸ்) என்று போட்ட எண்ணைப் படிக்கவே வேண்டாம். ஹோம் தியேட்டர் ரிசீவரில் "ஒவ்வொரு சேனலுக்கும் 150 வாட்ஸ்" என்று இருந்தால், கீழே பொடி எழுத்தில் 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரே சேனல் ஓடும்போது என்று இருக்கும். பேஸ் இருப்பது 1 கிலோஹெர்ட்ஸில் இல்லை. "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனலும் ஓடும்போது" என்று போட்ட எண்ணே நமக்கு வேண்டியது.

ரிசீவருக்குப் பின்னாடி 4 ஓம், 8 ஓம்னு ஒரு ஸ்விட்ச் இருக்குதுங்க. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 4-ல தானே வெக்கோணும்?

பெரும்பாலான ரிசீவர்களில் அதை 4-க்குத் தள்ளினால் உள்ளே சப்ளை வோல்டேஜ் குறையும், அவ்வளவுதான். சூடு குறையும், பவரும் குறையும். சூட்டுச் சோதனையில் தேறுவதற்காக வைத்தது அது. மேனுவல் சொல்வது ஒரு பக்கம் இருக்க, நான் 8-ல் வைத்துவிட்டு மூடியில் கை வைத்துப் பார்ப்பேன். கை வைக்க முடியாத சூடு வந்தால், ஸ்விட்சை மாற்றிப் பயனில்லை. அந்த ஸ்பீக்கருக்கு அந்த ரிசீவர் பொருந்தாது.

டாம்பிங் ஃபேக்டர் 500 இருந்தா பேஸ் இறுக்கமா வரும்ங்கறாங்களே?

கடைக்காரர்கள் ரொம்ப ஆசையாகச் சொல்லும் எண் இது. ஆம்பின் உள் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு குறைவு என்பதைச் சொல்கிறது: 8 ஓமை 500-ஆல் வகுத்தால் 0.016 ஓம். சரி. அந்தப் பாதையில் வேறு என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒயர் 5 மீட்டர், 2.5 ஸ்கொயர் செம்பு: போக வர 10 மீட்டருக்கு சுமார் 0.075 ஓம். பெட்டிக்குள் கிராஸ்ஓவரில் (ஒவ்வொரு கோனுக்கும் உரிய சுரத்தைப் பிரித்துக் கொடுக்கும் சுற்று) ஊஃபருக்குச் சீரியஸில் இருக்கும் காயில்: 0.3, 0.4 ஓம். ஊஃபரின் வாய்ஸ் காயில்: 6 ஓம். கோனைக் கட்டுப்படுத்தும் கரண்ட் இவை எல்லாவற்றையும் தாண்டித்தான் பாயவேண்டும். ஆம்ப் 0.016-ல் இருந்து 0.1-க்குப் போனால் ஊஃபரின் க்யூ (அதிர்வு எவ்வளவு நேரம் இழுக்கும் என்பதைக் காட்டும் எண்) மாறுவது ஒன்றரை சதவீதத்துக்கும் கீழே. யார் காதுக்கும் தெரியாது. 50-க்கு மேல் போன பிறகு அந்த எண்ணை மறந்துவிடலாம்.

வால்வு ஆம்பில் மட்டும் இது நிஜமான பிரச்சினை. அங்கே உள் ரெசிஸ்டன்ஸ் 2 ஓம்கூட இருக்கும். 6 ஓம் வாய்ஸ் காயிலோடு சேர்ந்தால் ஊஃபரின் க்யூ மூன்றில் ஒரு பங்கு ஏறும், 0.7-க்காக வடிவமைத்த பெட்டி 0.93-க்குப் போய், பேஸ் தூக்கலாகவும் இழுவையாகவும் வரும். சிலருக்கு அது பிடிக்கும், அதில் நான் சண்டைக்கு வரமாட்டேன். கஷ்டமான ஸ்பீக்கர் என்றால் பின்னால் 4 ஓம் டேப்பில் (4 ஓம் என்று போட்ட டெர்மினலில்) மாட்டிப் பாருங்கள், கொஞ்சம் அடங்கும்.

ஒயர் எது போடறதுங்க? மீட்டர் ரெண்டாயிரம் ரூவா ஒயர் இருக்குதாம்?

வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 2.5 ஸ்கொயர், பல இழை, செம்பு. காலிங் பெல்லுக்குப் போடும் மெலிசு ஒயரை மட்டும் போடாதீர்கள். மீதிக் காசுக்குப் பாட்டு வாங்குங்கள்.

5200-1943 போர்டு வாங்கி அசெம்பிள் பண்ணுனா 4 ஓம் டவர் ஓடுமுங்களா?

ஓடும், கணக்குத் தெரிந்து செய்தால். 5200-ம் 1943-ம் அந்த போர்டில் வரும் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடியின் எண்கள். நம் ஊர் அசெம்பிள் செட்டில் நடக்கும் தப்பு போர்டில் இல்லை, டிரான்ஸ்பார்மரில்.

24-0-24 டிரான்ஸ்பார்மர் என்றால் டயோடும் கண்டன்சரும் தாண்டி மேலும் கீழும் சுமார் 34 வோல்ட், லோடில் 30 பக்கம். 8 ஓமில் ஐம்பது வாட்ஸ் சொச்சம் வரும். 4 ஓமில் நூறு வரவேண்டும் என்றால் உச்சத்தில் 7 ஆம்பியர் வேண்டும், அதுவும் இரண்டு சேனலுக்கும். "5 ஆம்பியர்" என்று சொல்லி விற்கும் டிரான்ஸ்பார்மரைத் தூக்கிப் பாருங்கள். 48 வோல்ட், 5 ஆம்பியர் என்றால் 240 விஏ. இரண்டு கிலோ எடையில் அது வராது. அலுமினியம் சுற்றியதையும் செம்பு விலைக்கு விற்கிறார்கள்.

அடுத்தது கண்டன்சர். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், முழு அலையில் நொடிக்கு 100 தடவை நிரம்பும். 5 ஆம்பியர் இழுக்கும்போது 4,700 மைக்ரோஃபேரட் என்றால் சப்ளை சுமார் 10 வோல்ட் ஏறி இறங்கும். 10,000 என்றால் 5 வோல்ட். 34-ல் 10 போனால் மிச்சம் என்ன? பேஸ் அடி விழும் நேரத்தில்தான் அது போகும். ஒரு பக்கத்துக்கு 10,000-க்குக் குறையாமல் போடுங்கள்.

டிரான்சிஸ்டர் ஜோடி எத்தனை? 5200-க்கும் 1943-க்கும் கம்பெனி தாளில் 15 ஆம்பியர், 150 வாட்ஸ். 34 வோல்ட் சப்ளையில் 4 ஓம் ரெசிஸ்டரை ஓட்டினால் உச்சச் சூடு 72 வாட்ஸ்தான், நிம்மதி. அதே 4 ஓம் 45 டிகிரி கோணத்தில் இருந்தால் 200 வாட்ஸைத் தாண்டும். மேசையில் ரெசிஸ்டர் வைத்துச் சோதித்தபோது அருமையாக ஓடிய போர்டு, வீட்டில் டவர் ஸ்பீக்கரை மாட்டிய அன்றே புகைவதன் ரகசியம் இது. சேனலுக்கு இரண்டு ஜோடி போடுங்கள். மார்க்கெட்டில் போலி 5200 நிறையச் சுற்றுகிறது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள்.

4440 ஐசி போர்டு வைத்து இந்த வேலை ஆகுமா என்று கேட்பவர்களுக்கு: ஆகாது. அதன் கம்பெனி தாளிலேயே 6 வாட்ஸ் இரண்டு, அல்லது பிரிட்ஜில் (இரண்டு சேனலையும் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்குக் கொடுத்தால்) 19.

கையளவு கிளாஸ் டி ஆம்ப் வருதே, அதுல பேஸ் கம்மியா இருக்குமாமுங்க?

கிளாஸ் டி (டிரான்சிஸ்டர் வேகமாக ஆன், ஆஃப் ஆகி ஓடும் வகை) என்பதால் பேஸ் குறையாது. கூடவே வரும் அடாப்டரால் குறையும். டிபிஏ 3116 சிப் போட்ட ஆம்பை 12 வோல்ட்டில் ஓட்டினால் 8 ஓமில் ஏழு, எட்டு வாட்ஸ்தான் வரும். பெட்டியில் "100+100" என்று இருக்கும். 24 வோல்ட் கொடுத்தால் முப்பது பக்கம் வரும். ஆனால் 24 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் மொத்தமே 72 வாட்ஸ், அதில் இரண்டு சேனலும் பங்கு போடவேண்டும். நல்ல, எளிதான 8 ஓம் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு இது காசுக்கு மேல் வேலை செய்யும். 2 ஓம் பக்கம் இறங்கும் ஸ்பீக்கரை மாட்டினால் பாதுகாப்புச் சுற்று வெட்டி வெட்டி விடும்.

பெரிய கிளாஸ் டி மாட்யூல்கள் வேறு இனம். கஷ்டமான ஸ்பீக்கருக்கு இன்று காசும் சூடும் மிச்சம் ஆகும் வழி அவைதான் என்பது என் கட்சி. எப்போதும் கரண்ட் இழுத்துச் சூடாகவே இருக்கும் கிளாஸ் ஏ ஆம்பை ஈரோட்டுச் சித்திரை மாத வெயிலில் ஓட்டிப் பார்த்தவர்கள் மறுத்துப் பேசமாட்டார்கள்.

தோட்டத்து வீடுங்க. சாயங்காலம் வோல்டேஜ் 190-க்கு வந்துருது. பேஸ் செத்துருது. ஸ்டெபிலைசர் போடலாமுங்களா?

டிரான்ஸ்பார்மர் வைத்த ஆம்பில் சப்ளையும் அதே விகிதத்தில் இறங்கும். 230-ல் 100 வாட்ஸ் கொடுத்தது 190-ல் 68 கொடுக்கும். டெசிபல் கணக்கில் 1.7-தான், சத்தம் பெரிதாகக் குறையாது, ஆனால் பேஸ் அடி சீக்கிரமே முட்டிக்கொண்டு கரகரக்கும். ஃபிரிட்ஜுக்குப் போடுவதைவிடப் பெரிய ஸ்டெபிலைசர் போடுங்கள். சின்னது அதுவே தடையாகிவிடும். எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற ஸ்விட்சிங்) சப்ளை உள்ள ஆம்ப் என்றால் பெரும்பாலும் இந்தத் தொந்தரவே இல்லை. சதுர அலை இன்வெர்ட்டரில் ஆம்பை ஓட்டவேண்டாம். டிரான்ஸ்பார்மர் உறுமும், பாட்டிலும் அது கேட்கும்.

ஆம்ப் மாத்தியாச்சு, ஒயரு மாத்தியாச்சு. இன்னும் ஒரு எடத்துல பேஸ் இல்லை, மூலைல போய் நின்னா காதைப் பொளக்குது. ஏனுங்க?

உங்கள் ஆம்ப் நன்றாக இருக்கிறது. பிரச்சினை அறையில். ஆம்ப் மாற்றுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்திருந்தால் காசு மிச்சம்: பாட்டைப் போட்டுவிட்டு அறையைச் சுற்றி நடங்கள். சமையல்கட்டில் நின்றால் பேஸ் நன்றாகக் கேட்டு, சோஃபாவில் இல்லை என்றால், எந்த ஆம்பும் அதைத் தீர்க்காது.

12 அடி அறையின் எதிர் எதிர்ச் சுவர்களுக்கு நடுவே 47 ஹெர்ட்ஸில் நிலை அலை நிற்கும். சுவரோரம் பலமாகவும், நட்டநடுவில் இல்லாமலும் போகும். 12-க்கு 12 சதுர அறை என்றால் இரண்டு பக்கமும் அதே 47-ல் கூடிக்கொள்ளும். பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் படி இறங்கும்போது இரண்டு சுரம் மட்டும் காணாமல் போய்த் திரும்பி வந்தால் காரணம் இதுதான். நடுவில் உட்காராதீர்கள். சோஃபாவை ஒன்றரை அடி பின்னால் தள்ளினாலே மாறும்.

ஸ்பீக்கருக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரம் அடுத்தது. 3 அடி தள்ளி வைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் அலை 94 ஹெர்ட்ஸ் பக்கம் எதிராக வந்து ஒரு குழி வெட்டும். அது தவிலின் இடம். ஒரு அடிக்குள் கொண்டுபோனால் குழி 280-க்கு மேலே போய்விடும், பேஸும் பலப்படும். போர்ட் பின்னால் இருந்தால் ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள்.

வீடும் முக்கியம். ஆர்சி மெத்தையும் (கான்கிரீட் கூரை) டைல்ஸ் தரையும் உள்ள புது வீட்டில் பேஸ் உள்ளேயே சுற்றிக் கும்மென்று நிற்கும். ஓட்டு வீட்டில் கூரை வழியே வெளியேறும். இறுக்கமாக இருக்கும், ஆனால் அளவு குறையும். தொட்டிக்கட்டு வீட்டு ஆசாரத்தில் வைத்தால் வானம் வரை திறந்த வாசல் பாதியை விழுங்கிவிடும். அங்கே நிஜமாகவே பெரிய ஆம்பும் பெரிய ஊஃபரும் வேண்டும். திருப்பூர் பனியன் வேஸ்ட்டை மூட்டை கட்டி மூலையில் வைத்தால் போதுமா என்று கேட்பார்கள். நான்கு அங்குலத்துக்கு அடைத்துச் சுவரில் மாட்டினால் குரலின் எதிரொலி அடங்கும். 47 ஹெர்ட்ஸ் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. மூலையில் ஆள் உயரத்துக்கு, இரண்டடி கனத்துக்கு அடுக்கினால் கொஞ்சம் அசையும். வீட்டம்மணி சம்மதித்தால் செய்யுங்கள்.

பேஸ் நாபை முழுசா திருப்புனா ஆகாதுங்களா?

6 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் நாலு மடங்கு பவர் வேண்டும். சென்சிடிவிட்டி குறைந்த ஸ்பீக்கரில் ஆம்ப் உடனே முட்டும். சுரம் பாதியானால் அதே சத்தத்துக்குக் கோன் நாலு மடங்கு தூரம் ஆடவேண்டும். போர்ட் பெட்டியில் டியூனிங்குக்குக் கீழே போனால் கோனைப் பிடிக்கக் காற்றே இல்லை, வாய்ஸ் காயில் அடிவாங்கும். ஈக்வலைசர் வைத்திருந்தால் அறை தூக்கிக் காட்டும் இடத்தைக் குறையுங்கள், குழியை நிரப்பப் பார்க்காதீர்கள்.

ரெண்டு ஆம்பைப் பிரிட்ஜ் பண்ணுனா?

பிரிட்ஜில் ஒவ்வொரு பாதிக்கும் ஸ்பீக்கர் பாதி ஓமாகத் தெரியும். 4 ஓம் ஸ்பீக்கர் 2 ஓம் ஆகிவிடும். கஷ்டமான ஸ்பீக்கருக்குச் செய்யவே கூடாத வேலை.

அப்ப ஆக மொத்தம் கம்மிச் செலவுல என்னங்க வழி?

ஸ்பீக்கரைப் பிடித்திருந்து, பேஸ் மட்டும் போதாது என்றால், பெரிய ஆம்புக்குப் பதில் சொந்த ஆம்ப் வைத்த ஒரு ஆக்டிவ் சப்ஊஃபர். ஆனால் சும்மா சேர்த்துவிட்டால் பாதிப் பலன்தான். முக்கிய ஆம்புக்குப் போகும் சிக்னலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட வேண்டும். ரிசீவர் என்றால் ஸ்பீக்கர் செட்டிங்கை "ஸ்மால்" என்று வைத்து கிராஸ்ஓவரை 80-ல் வையுங்கள். பெரிய டவரை "ஸ்மால்" என்று வைக்க மனசு வராது, வையுங்கள். ஆம்பை அதிகம் வதைத்த கனமான சுரங்கள் சப்புக்குப் போய்விடும், டவரின் கோன் ஆட்டமும் குறையும், அதே ஆம்ப் புது ஆம்ப் போலக் கேட்கும். சப்பை எங்கே வைப்பது? நீங்கள் உட்காரும் இடத்தில் சப்பை வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, தரையில் தவழ்ந்து எந்த இடத்தில் பேஸ் சமமாகக் கேட்கிறதோ அங்கே கொண்டுபோய் வையுங்கள். ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்திருக்கும்போது செய்ய வேண்டாம்.

பழைய ஜப்பான் ஆம்ப் ஒண்ணு வெயிட்டா கிடைக்குதுங்க. வாங்கலாமுங்களா?

எடை நல்ல அறிகுறி; டிரான்ஸ்பார்மர் பெரிது என்று அர்த்தம். பின்னால் தகட்டைப் படியுங்கள்: 100 வோல்ட் என்று இருந்தால் ஜப்பான் உள்நாட்டு மாடல், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள். மூடியைத் திறந்தால் சோமனூர், பல்லடம் பக்கத்து ஆம்பாக இருந்தால் ஹீட்சிங்க் முழுக்கத் தறிப் பஞ்சு அடைத்திருக்கும். ஊதி எடுத்துவிடலாம், அதற்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கண்டன்சர் தலை உப்பியிருக்கிறதா பாருங்கள். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கர் மாட்டாமல், டெர்மினலில் டிசி அளந்து பாருங்கள்: 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே சரி, நூறைத் தாண்டினால் சர்வீஸ் செலவு உண்டு, வோல்ட் கணக்கில் காட்டினால் விட்டுவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் இரண்டு நாள் உங்கள் நல்ல டவரை அதில் மாட்டவேண்டாம். பழைய கார் ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி ஓடவிடுங்கள்.